கடற்குதிரையும் ஐந்து நிமிடமும்

தங்கச்சியின் மகனுக்கு முதல் தடவை வலிப்பு வந்தபோது நான் அவர்கள் வீட்டுக் குசினியில் விளைமீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். பேசாலையில், சோளகக் காற்று ஓய்கிற காலம். பிள்ளைக்கு அப்போது ஒன்றரை வயது. காலையிலிருந்தே மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. காய்ச்சல் என்று யாரும் கவனிக்கவில்லை. "அக்கா, ஓடிவா, பிள்ளைக்கு என்னவோ செய்யுது" என்ற சத்தம் கேட்டு ஓடினேன்.

பாயில் கிடந்தான். கண் இரண்டும் மேலே செருகியிருந்தன. கைகால் விறைத்து, பிறகு ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கின. வாயோரம் நுரை. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி நீலம். அம்மா அலுமாரித் திறப்பை எடுத்து அவன் கைக்குள் திணிக்கப் பார்த்தா. தங்கச்சியின் மாமி மடுமாதா மண்ணை நெற்றியில் பூசிச் செபம் சொன்னா. பக்கத்து வீட்டு அக்கா கரண்டியோடு வந்து, "நாக்கைக் கடிச்சிடுவான், வாயைத் திறவுங்கோ" என்றா. நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். பதினாலு வருடமாக மூளையின் படத்தைக் கரும்பலகையில் கீறுகிறவள். அந்த நேரம் மீன் மணக்கிற கையோடு அப்படியே நின்றேன். பிள்ளை செத்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். ஒரு காய்ச்சல் வலிப்பை முதன்முதலாகப் பார்க்கிற தாய் தகப்பனிடம் கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் இதையேதான் சொல்வார்கள்.

பிறகு இழுப்பு நின்றது. பிள்ளை தொய்ந்துபோய்த் தூங்கினான். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு மன்னாருக்குப் போனோம்.

ஆஸ்பத்திரியில் இளவயது டொக்டர் ஒருவர் இருந்தார். அவர் முதலில் கேட்டது, "எத்தனை நிமிஷம் இழுத்தது?" அம்மா, "அரை மணித்தியாலம் இருக்கும் தம்பி" என்றா. தங்கச்சியின் கணவர், "கொஞ்ச நேரம்தான்" என்றார். நான் பத்து நிமிடம் என்றேன். டொக்டர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாராவது அந்த நேரம் போன் எடுத்தனீங்களா?" என்று கேட்டார். தங்கச்சியின் கணவர் தன் போனைத் திறந்து காட்டினார். இழுக்கத் தொடங்கிய உடனே ஓட்டோக்காரருக்கு எடுத்த அழைப்பு 6.34. "நிண்டிட்டுது, எண்டாலும் கெதியா வாங்கோ" என்று சொன்ன அழைப்பு 6.37.

மூன்று நிமிடம்.

அடுத்தடுத்து வேறு கேள்விகள். இரண்டு பக்கமும் இழுத்ததா, ஒரு கை மட்டுமா? இன்றைக்கு இது முதல் தடவையா? முழித்த பிறகு தாயை அடையாளம் கண்டானா? வீட்டில் வேறு யாருக்காவது சின்ன வயதில் இப்படி வந்ததா? காதுக்குள் பார்த்தார், தொண்டை பார்த்தார், கழுத்தை மெல்ல வளைத்துப் பார்த்தார், உச்சிக்குழியைத் தடவிப் பார்த்தார். "சாதாரண காய்ச்சல் வலிப்பு. ராவைக்கு வாட்டில வைச்சுப் பாப்பம். தலைக்கு ஸ்கான் தேவையில்லை."

அந்தக் கடைசி வசனம்தான் வீட்டில் பெரிய பிரச்சினையாகிவிட்டது.

கனடாவில் இருக்கிற அண்ணன் இரவு முழுக்க வட்ஸ்அப்பில் நின்றார். "மூளையில என்ன நடந்தது எண்டு பாக்காம எப்பிடித் துண்டு வெட்டி அனுப்புவினம்? காசு நான் அனுப்புறன். கொழும்புக்குக் கொண்டுபோய் எம்.ஆர்.ஐ. எடுங்கோ." தங்கச்சி அழுதாள். மாமி, "எங்கட ஊர் எண்டபடியாத்தான் இப்பிடி" என்றா. அந்தப் பேச்சை நான் குறைசொல்லமாட்டேன். தீவிலிருந்து வவுனியாவுக்கு எண்பது கிலோமீற்றர், யாழ்ப்பாணத்துக்கு நூறுக்கு மேல், கொழும்புக்கு முந்நூறுக்கு மேல். எதற்கெடுத்தாலும் இன்னோர் ஊருக்கு எழுதிக்கொடுத்து அனுப்பப்பட்டே பழகின சனம் நாங்கள். ஒரு மெசின் தேவையில்லை என்று சொன்னால், நாங்கள் தேவையில்லை என்று சொன்ன மாதிரிக் காதில் விழுகிறது.

அதனால்தான் நான் வாசிக்கத் தொடங்கினேன். டொக்டர் சொன்னது சரியா பிழையா என்று பார்க்கத்தான் தொடங்கினேன். கடைசியில் இந்தப் பதிவு அளவுக்கு வந்து நிற்கிறது.

முதலில் அண்ணனுக்கான பதில். அவருக்குப் பக்கத்து நாடான அமெரிக்காவில், குழந்தை மருத்துவர்களின் சங்கமான அமெரிக்கன் அக்கடமி ஒவ் பீடியற்றிக்ஸ் 1996 இலும், திரும்ப 2011 இலும் இதையேதான் எழுதி வைத்திருக்கிறது. சாதாரண காய்ச்சல் வலிப்பு வந்து, பிறகு நன்றாக இருக்கிற பிள்ளைக்கு மூளை ஸ்கானும் மூளை மின்னலைப் பதிவும் வழக்கமாக எடுக்கக் கூடாது. சாதாரணம் என்றால் என்ன என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை. உடம்பு முழுக்க இழுக்கவேண்டும், பதினைந்து நிமிடத்துக்குள் நிற்கவேண்டும், இருபத்திநாலு மணித்தியாலத்தில் ஒரே ஒரு தடவைதான் வரவேண்டும். டொக்டர் முதலில் கேட்ட கேள்விகள் இந்தக் கணக்குக்குத்தான். மேலைநாடுகளில் நூறு பிள்ளைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வருகிறது, ஜப்பானில் அதைவிடக் கூட. மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு இன்னொரு காய்ச்சலில் திரும்பவும் வரும். பின்னாளில் வலிப்பு நோயாக மாறுவது, சாதாரண வகையில், நூற்றில் ஒன்றிரண்டு. மற்றப் பிள்ளைகளை விடச் சற்றே கூட, அவ்வளவுதான். எழுபதுகளில் அமெரிக்காவில் காய்ச்சல் வலிப்பு வந்த 1,706 பிள்ளைகளை ஏழு வயதுவரை பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று, இது பிள்ளையின் புத்தியைக் குறைப்பதில்லை என்று காட்டியது. தங்கச்சிக்கு நான் முதலில் வாசித்துக் காட்டியது அதைத்தான்.

ஆனால் எங்கள் பக்கத்துப் பயத்துக்கு வேறொரு வேர் இருக்கிறது. அதைச் சொல்லாமல் எண்களை மட்டும் அடுக்கினால் அம்மாவின் தலைமுறைக்கு விளங்காது.

அம்மாவுக்குத் தெரிந்த காய்ச்சலும் வலிப்பும் மலேரியாக் காலத்தது. 1999 இல்கூட நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு மலேரியா வந்தது. இடம்பெயர்ந்து காடு கரையில் கொட்டில் போட்டு இருந்த சனத்துக்கு அது கூடப்பிறந்த நோய் மாதிரி. காய்ச்சலில் ஒரு பிள்ளை இழுத்து, பிறகு கண் திறக்காவிட்டால், அது மூளை மலேரியாவாக இருக்கலாம். "சன்னி கண்டு போனது" என்று அம்மா சொல்லுகிற பிள்ளைகளில் எத்தனை பேர் அப்படிப் போனார்களோ. உள்நாட்டுப் பரவல் 2012 உடன் நின்றது. 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. மூன்றே மாதத்தில், அதே வருடம் டிசம்பரில், இந்தியப் பட்டணங்களில் மலேரியா பரப்புகிற அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பை இலங்கையில் முதல் தடவையாகக் கண்டுபிடித்தார்கள். கண்ட இடம் இந்த மன்னார்த் தீவு. வீட்டுக் கிணறுகளில் அதன் குடம்பிகள் இருந்தன. கிணற்றை மூடு, மீன் குஞ்சு விடு என்று மலேரியாத் தடுப்புக்காரர் வீடுவீடாகத் திரிந்தது தங்கச்சிக்கு நல்ல ஞாபகம். ஆகவே, பேசாலையில் காய்ச்சலோடு ஒரு பிள்ளை இழுத்தால், "அண்மையில வெளிநாடு போய் வந்த ஆக்கள் வீட்டில இருக்கினமா?" என்று இன்றைக்கும் டொக்டர் கேட்டால், அது தேவையில்லாத கேள்வி அல்ல.

மூளையைப் படமெடுத்துப் பார்ப்பது உண்மையில் எங்கே எதை மாற்றியது என்று எனக்கு முதலில் புரிந்ததும் இந்த மலேரியாவில்தான். ஆபிரிக்காவில் மலாவி நாட்டின் பிளாண்டயர் நகரத்தில் குயீன் எலிசபெத் மத்திய வைத்தியசாலை இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெரி ரெய்லர் என்ற மருத்துவர் எண்பதுகளிலிருந்து வருடத்தில் பாதியை அங்கேதான் கழித்து வந்திருக்கிறார். மூளை மலேரியாவில் பிள்ளைகள் ஏன் சாகிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. இறந்த பிள்ளைகளின் உடலில் தேடிப் பார்த்தார்கள், விடை முழுதாக வரவில்லை. 2008 இல் அந்த வைத்தியசாலைக்கு ஒரு எம்.ஆர்.ஐ. மெசின் நன்கொடையாக வந்தது. பெரிய பட்டணங்களில் இருக்கிறதைவிடப் பலம் குறைந்த மெசின். அதைக் கொண்டு 168 பிள்ளைகளைப் படமெடுத்தார்கள். 25 பிள்ளைகள் இறந்தார்கள். அந்த 25 பேரில் 21 பேருக்கு, வந்து சேர்ந்தபோதே மூளை கடுமையாக வீங்கியிருந்தது. பிழைத்தவர்களில் காற்பங்கு அளவுக்குத்தான் அப்படி. வீங்கின மூளை மண்டையோட்டுக்குள் இடமில்லாமல் கீழே தள்ள, மூச்சை நடத்துகிற மூளைத்தண்டு நசுங்கி மூச்சு நிற்கிறது. 2015 இல் இதை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகுதான், வீக்கம் வடியும்வரை மூச்சுக்கு மெசின் வைத்துப் பார்த்தால் என்ன என்ற அடுத்த கேள்விக்கே போக முடிந்தது. இரண்டு கிழமை இதையே திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு ஏழை நாட்டு வைத்தியசாலையில் உயிரோடிருக்கிற பிள்ளைகளின் தலைக்குள் பார்த்து எடுத்த விடை இது.

இனிக் கடற்குதிரைக்கு வருகிறேன்.

அப்பா கடலுக்குப் போன காலத்தில், வலையில் மாட்டி வருகிற கடற்குதிரையைக் காயவைத்துச் சுவாமித் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். விரல் நீளம் இருக்கும். தலை குதிரை, வயிறு முள்ளுப்பெட்டி, வால் உள்ளே சுருண்டிருக்கும். மன்னார்க் குடாவில் அது ஒன்றும் புதினமில்லை. 1587 இல் இத்தாலியின் பொலோனியா நகரத்தில் யூலியோ சேசரே அரன்சி என்ற உடற்கூற்றாசிரியர், மூளையின் காதோரப் பகுதியை வெட்டிப் பார்த்தபோது உட்பக்கம் ஒரு சுருண்ட வடிவம் இருந்தது. அவருக்கு ஞாபகம் வந்தது கடற்குதிரை. அந்தப் பெயரையே வைத்துவிட்டார். கிரேக்க மொழியில் ஹிப்போகம்பஸ். பக்கத்துக்கு ஒன்றாக எல்லாருக்கும் இரண்டு உண்டு. பெரிய ஆளுக்கே நாலைந்து சென்ரிமீற்றர்தான். இன்றைக்கு நடந்ததை நாளைக்கு ஞாபகம் வைப்பது இதன் வேலை. வலிப்பு நெடுநேரம் நீண்டால் முதலில் அடிபடுவதும் இதுதான்.

இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் அறுவைச் சிகிச்சைக்காரர்கள். ஐம்பதுகளில் லண்டனில் மறி போல்கனர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், மருந்துக்கு அடங்காத வலிப்புக்காரரின் மூளையில் காதோரப் பகுதியை வெட்டியெடுத்தார். வெட்டின துண்டுகளில் பலவற்றில் இந்தக் கடற்குதிரை சுருங்கி, தழும்பு பிடித்துக் கிடந்தது. அந்த நோயாளிகளின் கதையைக் கேட்டால், குழந்தையில் காய்ச்சலோடு நீண்ட வலிப்பு வந்தது என்று பலர் சொன்னார்கள். அப்படியென்றால் குழந்தையில் வந்த வலிப்பு தழும்பை உண்டாக்கி, தழும்பு பின்னாளில் வலிப்பை உண்டாக்கினதா? அல்லது பிறக்கும்போதே கடற்குதிரையில் ஏதோ குறை இருந்து, அந்தக் குறையால்தான் காய்ச்சலில் அவ்வளவு நேரம் இழுத்ததா? விதை முந்தியா மரம் முந்தியா என்ற கேள்வி. முப்பது வருடத்துக்குப் பிறகு வெட்டியெடுத்த துண்டை வைத்து இதைச் சொல்ல முடியாது. வலிப்பு வந்து ஓரிரு நாளுக்குள், உயிரோடிருக்கிற பிள்ளையின் தலைக்குள்ளே பார்க்கவேண்டும். எம்.ஆர்.ஐ. வரும்வரை அதற்கு வழியிருக்கவில்லை.

எம்.ஆர்.ஐ. எப்படிப் பார்க்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரியே சொல்கிறேன். எங்கள் உடம்பு பெரும்பாலும் தண்ணீர். பெரிய காந்தத்துக்குள் வைத்து வானொலி அலையால் தட்டினால், தண்ணீரில் இருக்கிற ஐதரசன் அணுக்கள் பதில் குரல் கொடுக்கும். ஒருவகைப் படத்தில் தண்ணீர் கூடின இடம் வெள்ளையாகத் தெரியும். காயப்பட்ட திசு வீங்கும், வீங்கினால் தண்ணீர் சேரும், ஆகவே காயம் பட்ட கடற்குதிரை வெளிச்சமாகத் தெரியும். சீ.ரி. ஸ்கானில் இவ்வளவு நுணுக்கம் தெரியாது, கதிர்வீச்சும் உண்டு. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் அரை மணித்தியாலத்துக்கும் மேலே, சுத்தியலால் அடிக்கிற மாதிரிச் சத்தத்துக்குள் அசையாமல் கிடக்கவேண்டும். ஒன்றரை வயதுப் பிள்ளை கிடக்குமா? தூக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்கவேண்டும். "எதுக்கும் ஒருக்கா எடுத்து வைப்பம்" என்று சொல்கிறவர்களின் கணக்கில் இந்தத் தூக்க மருந்து வருவதில்லை.

2003 இல் அமெரிக்காவில், நியூயோர்க்கைச் சேர்ந்த சிறுவர் நரம்பியல் மருத்துவர் ஷ்லோமோ ஷின்னர் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. ஃபெப்ஸ்டாட் என்று பெயர். நியூயோர்க், சிக்காகோ, டர்ஹம், றிச்மண்ட், நோர்ஃபோக் என்று ஐந்து ஊர்களில், காய்ச்சலோடு அரை மணித்தியாலமோ அதற்கு மேலோ வலிப்பு நீடித்த 199 பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அவர்கள் எல்லாரையும் மூன்று நாளுக்குள் எம்.ஆர்.ஐ. எடுப்பது திட்டம். ஒரு பக்கம் காய்ச்சலில் நெருப்பாய்க் கொதிக்கிற பிள்ளை, மறுபக்கம் "ஆய்வுக்குப் படமெடுக்கச் சம்மதமா" என்று ஒரு கடதாசி. கையெழுத்துப் போட்ட அந்தத் தாய் தகப்பன்மாரை நினைத்துக்கொள்கிறேன்.

விடை இது. படமெடுத்த 191 பிள்ளைகளில் 22 பேருக்குக் கடற்குதிரை வெளிச்சமாகத் தெரிந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரிச் சாதாரண காய்ச்சல் வலிப்பு வந்த 96 பிள்ளைகளின் படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அப்படித் தெரியவில்லை. பூச்சியம். அந்தப் பூச்சியத்தை வாசித்த இரவு நான் தங்கச்சியை எழுப்பிச் சொன்னேன்.

ஒரு வருடம் கழித்து, முதல் படத்தில் வெளிச்சம் தெரிந்த பிள்ளைகளில் 14 பேரைத் திரும்பப் படமெடுத்தபோது 10 பேருக்குக் கடற்குதிரை சுருங்கித் தழும்பாகியிருந்தது. போல்கனர் வெட்டியெடுத்துக் கண்டதை, இவர்கள் உருவாகும்போதே கண்டார்கள். ஆனால் விதை முந்தியா மரம் முந்தியா என்ற கேள்வி முற்றாகத் தீரவில்லை. நீண்ட வலிப்பு வந்த பிள்ளைகளில் 20 பேருக்கு, அதாவது பத்தில் ஒருவருக்கு, கடற்குதிரை பிறவியிலேயே சரியாகச் சுருளாமல் வித்தியாசமாக இருந்தது. மற்றக் கூட்டத்தில் அப்படி இரண்டே பேர். ஆக, சிலருக்கு முன்னமே ஏதோ இருந்திருக்கிறது. சிலருக்கு வலிப்பே காயத்தை உண்டாக்கியிருக்கிறது. இரண்டும் உண்மை என்றுதான் எனக்குப் படுகிறது.

அதே ஆய்வில் படத்தோடு தொடர்பில்லாத இன்னொரு எண் இருந்தது. எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் பட்டது அதுதான். வலிப்பு தொடங்கி, அம்புலன்சிலோ அவசர சிகிச்சைப் பிரிவிலோ முதல் மருந்து உடம்பில் ஏறுவதற்கு, பாதிப் பிள்ளைகளுக்கு 30 நிமிடமோ அதற்கு மேலோ ஆகியிருந்தது. சந்திக்குச் சந்தி அம்புலன்ஸ் நிற்கிற அமெரிக்கப் பட்டணங்களில்! ஐந்து நிமிடத்தைத் தாண்டின வலிப்பு தானாக நிற்கிற சாத்தியம் குறையத் தொடங்கும் என்பதால்தான், ஐந்து நிமிடத்தில் மருந்து என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. மருந்தும் புதியதில்லை, மலவாசலால் ஏற்றுகிற டயசிப்பாம், அல்லது கன்னத்துக்குள் விடுகிற மிடசோலாம்.

என் மச்சான் ஒருவரின் கதையைச் சொல்லவேண்டும். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். 1990 இல் தீவை விட்டு மடுப் பக்கம் இடம்பெயர்ந்து கொட்டிலில் இருந்தபோது, ஒரு வயதில், காய்ச்சலோடு அவருக்கு வலிப்பு வந்தது. ராத்திரி. வாகனம் இல்லை, வீதியால் போக வழியும் இல்லை. அவருடைய தாய் மடியில் வைத்துக்கொண்டிருந்தா. விடியுமட்டும் விட்டு விட்டு இழுத்தது என்கிறா. பிழைத்தார். ஒன்பது வயதுவரை ஒன்றுமில்லை. பிறகு ஒருநாள் வகுப்பில் இருந்தபடி வெறித்துப் பார்த்து, வாயைச் சப்பி, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாராம். "வயித்துக்குள்ள இருந்து அலை மாதிரி ஒண்டு எழும்பி நெஞ்சுக்கு வரும். அதுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் தெரியாது" என்பார். பேய் பிடித்தது என்று கட்டினார்கள், நேர்ந்தார்கள். இருபத்தைந்தாவது வயதில்தான் கொழும்பில் எம்.ஆர்.ஐ. எடுத்தார். அந்தக் கறுப்புப் படத்தாளை என்னிடம் தந்தபோது, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மூளை குறுக்காக வெட்டின பிலாப்பழம் மாதிரி. டொக்டர் சிவப்புப் பேனையால் சின்ன வட்டம் போட்டிருந்தார். வலப்பக்கம் ஒரு கொழுத்த சுருள். இடப்பக்கம் அதே இடத்தில் உலர்ந்த புளியங்கொட்டை அளவில் ஏதோ. அப்பாவின் காய்ந்த கடற்குதிரை ஞாபகம் வந்து படத்தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

மச்சானுக்கு அந்தப் படம் தேவை. பதினாறு வருடமாகப் பேய் என்று சொன்னதை, இது தழும்பு என்று மாற்றிச் சொன்னது அந்தப் படம்தான். இப்படிப்பட்ட தழும்பை வெட்டியெடுக்கிற சிகிச்சையை, கடல் தாண்டினால் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1995 முதல் செய்துவருகிறது. அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. குளிசையில் ஓரளவு அடங்கியிருக்கிறது. தனியாகக் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு, கரையில் வலை தைக்கிறார்.

ஆகவே அண்ணனுக்கு நான் எழுதின பதில் இதுதான். எங்கட பிள்ளைக்கான படம் எடுத்தாயிற்று அண்ணா, அந்த 96 பிள்ளைகளின் தலையில். ஒரு பக்கம் மட்டும் இழுத்திருந்தால், முழித்த பிறகு ஒரு கை சோர்ந்திருந்தால், அரை மணித்தியாலம் இழுத்திருந்தால், திரும்பத் திரும்ப நீண்ட வலிப்பாகவே வந்தால், நான் வீட்டை விற்றாவது கொழும்புக்குக் கொண்டுபோவேன். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான் அந்த மெசினும் அதற்கான காத்திருப்பு வரிசையும். அந்தப் பிள்ளைகளுக்கு எங்கள் பக்கத்திலிருந்து முந்நூறு கிலோமீற்றர் ஓடுவது நியாயமில்லை. அதைப் பற்றி எழுதுவதையும் கேட்பதையும் நிறுத்தவும் மாட்டேன். வீக்கம் வெளிச்சமாகத் தெரிகிறது முதல் சில நாட்களில்தான். தூரமும் காத்திருப்பும் அந்த நாட்களைத் தின்றுவிடும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஸ்கான் வேண்டும் என்று சண்டை பிடிக்கிற அதே சனம், முள்ளந்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறது. "முதுகில ஊசி போட்டால் முடமாகிடும்" என்ற பேச்சு தலைமன்னாரிலிருந்து சிலாவத்துறை வரை இருக்கிறது. காய்ச்சலோடு வலிப்பு வந்த பிள்ளையில் டொக்டர் உண்மையில் பயப்படுவது மூளைக்காய்ச்சலுக்குத்தான். கழுத்து விறைப்பு, விடாத சத்தி, முழிக்காத சோர்வு, உச்சிக்குழி வீங்குவது இவை இருந்தால் அந்த ஊசிதான் உயிர் காக்கும். ஊசி போடுகிற இடத்தில் முண்ணாண் கிடையாது, அதற்கு மேலேயே முடிந்துவிடும், கீழே நரம்பு நூல்கள்தான் நீரில் மிதக்கின்றன. இதை நான் வகுப்பில் கீறிக் காட்டுகிறேன். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லட்டும்.

மற்றபடி வீட்டில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இறுக்கமான உடுப்பைத் தளர்த்தினால் போதும். வாய்க்குள் கரண்டி, விரல், தண்ணீர், மருந்து எதுவும் போகக் கூடாது. கைகாலை அமத்திப் பிடிக்கவேண்டாம். திறப்பு அலுமாரியிலேயே இருக்கட்டும். மடு மண்ணைப் பூசுங்கள், அதனால் ஒரு கெடுதியும் இல்லை, மாமியின் கை நெற்றியில் இருந்தால் தாய்க்கு ஆறுதல். பனடோல் பாணி காய்ச்சலின் அலுப்பைக் குறைக்கும், ஆனால் வலிப்பைத் தடுக்கும் என்று நம்பியிருக்கவேண்டாம். ஐந்து நிமிடம் ஆகியும் நிற்காவிட்டால் 1990 ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018 இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை. முதல் தடவை என்றால் நின்றாலும் கொண்டுபோய்க் காட்டவேண்டும்.

எல்லாவற்றுக்கும் முதல், மணிக்கூட்டைப் பாருங்கள்.

இந்த மாசியில் பிள்ளைக்குத் திரும்பக் காய்ச்சல் வந்தது. நான் மன்னாரில் இருந்தேன். இரவு பத்து மணிக்குத் தங்கச்சி போன் எடுத்தாள். குரல் நடுங்கவில்லை. "அக்கா, வந்திட்டுது, நிண்டிட்டுது. ஒருக்களிச்சுப் படுத்திருக்கிறான். என்னைப் பாத்து 'அம்மா' எண்டவன். ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுறம்." அடுத்த நாள் வாட்டுக்குப் போனபோது கிளினிக் கார்ட் தலையணைக்குக் கீழே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில், தடுப்பூசித் திகதிகளுக்குக் கீழே, பென்சிலால் எழுதியிருந்தாள்: 9.47 – 9.49. இரண்டு பக்கமும்.